கிளினிக் கட்டிலில் சித்தி

சித்தி படுத்த படுக்கையாகிவிட்டாளாம். போனில் மாமா சொன்னார். அவர் நேரில் பார்க்கவில்லை. காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கொள்ளப் போன பக்கத்து வீட்டம்மா பார்த்தாளாம். சித்தி வேலை பார்க்கிற அதே கிளினிக்கில், ஜன்னலோரக் கட்டிலில், கழுத்துவரை போர்த்திக்கொண்டு கிடந்தாளாம்.

"கூப்பிட்டதுக்குக்கூட அசையலையாம். நான் போய்ப் பார்க்கிறேன். நீ பதறாதே" என்றார். அப்படிச் சொன்ன பிறகுதான் எனக்குப் பதற்றமே வந்தது.

சித்தி பகலில் படுத்து நான் பார்த்ததே இல்லை. துடைத்துப் பெருக்கும் வேலைக்குச் சேர்ந்தவள். டாக்டர்கள் வந்தார்கள், போனார்கள். அவள் மட்டும் நிலைத்துவிட்டாள். டிரிப்ஸ் ஏற்றும் நாலு கட்டில்களும் அவள் ராஜ்யம். விரிப்பில் சுருக்கம் இருந்தால் நர்ஸுக்கே வசவு விழும். முதுகுக்குப் பின்னால் அவளுக்குப் பெயர் 'கட்டில் மேடம்'.

சித்திக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. கடல் தாண்டி உட்கார்ந்திருக்கிறவர்கள் வேறென்ன செய்வது? டிக்கெட் விலை பார்த்தேன். கை சும்மா இருக்க மாட்டாமல் அகராதியில் 'கிளினிக்'கையும் தேடினேன். கிரேக்கத்தில் 'கிளினே' என்றால் படுக்கை. நோயாளி கிடக்கும் இடத்துக்கே போய்ப் பார்க்கிற வைத்தியத்துக்கு அதிலிருந்து பெயர் வந்தது. ஆங்கிலத்துக்குள் நுழைந்த புதிதில், எழ முடியாமல் கிடப்பவரையே கிளினிக் என்றார்களாம். அப்புறம் மாணவர்களைக் கட்டிலைச் சுற்றி நிறுத்திப் பாடம் நடத்துவதற்கு அந்தப் பெயர் போனது. இப்போதோ நம் காலால் நடந்துபோய் டோக்கன் வாங்கி நாற்காலியில் காத்திருக்கும் இடம். என் கண் மட்டும் 'எழ முடியாமல் கிடப்பவர்' என்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

மறுபடி அடித்தேன். எடுத்தாள்.

"என்னடா இத்தனை தடவை? போன் டிராயர்ல கிடந்துச்சு."

"சித்தி, நீ படுத்துட்டேன்னு சொன்னாங்க."

"ஆமா, படுத்தேன்."

என் கை மறுபடி டிக்கெட் பக்கத்துக்குப் போனது.

"புது மெத்தை வந்திருக்குடா. நான் படுத்துப் பார்க்காம எந்தக் கட்டிலையாவது பேஷன்ட்டுக்கு விட்டிருக்கேனா? டியூப்லைட் கண்ணுல அடிக்குதா, ஃபேன் காத்து நேரா மூஞ்சிக்கு வருதா, போர்வை அரிக்குதா, எல்லாம் கொஞ்ச நேரம் கிடந்தாத்தானே தெரியும்?"

"கூப்பிட்டும் அசையலையாமே?"

"அந்தம்மாவா! கண்ணைத் திறந்தா அவ மருமக கதை முழுக்கக் கேக்கணும். செத்த பொணமாட்டம் கிடந்தேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, மூக்கும் ஒழுகியது.

"கிளினிக்னாலே படுக்கைதான் சித்தி. கிரேக்கச் சொல்லு."

"ஓகோ. அங்க விரிப்பு மாத்துனது யாராம்?"

"அதை எழுதி வைக்கலை."

"எப்படி எழுதுவாங்க? படுத்துக் கிடந்தவங்கதானே எழுதியிருப்பாங்க. சரி வை, வேலை கிடக்கு."

டிக்கெட் பக்கத்தை மூடிவிட்டு எழுந்து, வெகு நேரத்துக்குப் பிறகு தண்ணீர் குடித்தேன். உடனே மாமாவுக்கு அடித்தேன். இதற்குள் ஆப்பிள் வாங்கிக்கொண்டு, அழுத கண்ணோடு பஸ் ஏறியிருப்பார். வழியில் யார் யாரிடம் என்னென்ன சொல்லியிருக்கிறாரோ. ரிங் போய்க்கொண்டே இருக்கிறது. இன்னும் எடுக்கவில்லை.