பரசுராமரும் ஒற்றைக் கை ரவிக்கையும்

என் மகளின் நிச்சயதார்த்தத்தைக் கெடுக்கப் போகிறவர் பரசுராமர்தான் என்று ஒரு நாள் முழுக்க நம்பினேன். சிரிக்காதீர்கள். ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில், மாஸ்டரின் தையல் கடையில், மஞ்சள் துணிமேல் சந்தனமும் குங்குமமும் இட்டுக் கிடந்த அந்தப் பெரிய கத்திரிக்கோலைப் பார்த்திருந்தால் நீங்களும் நம்பியிருப்பீர்கள்.

மாஸ்டர் பாவ்சார் சமூகத்தவர். இங்கே வந்து பல தலைமுறை ஆகிவிட்டாலும் பூர்வீகம் குஜராத்திலுள்ள சௌராஷ்டிரம். அரச குலங்களை அழிக்கப் பரசுராமர் கோடரியோடு கிளம்பியபோது இவர்களின் முன்னோர்களான இளவரசர்கள் ஹிங்குலாம்பிகை அம்மனிடம் ஓடி அடைக்கலம் புகுந்தார்களாம். அம்மன் வாளைக் கீழே வைக்கச் சொல்லி, சாயப்பானையையும் ஊசியையும் கொடுத்தாளாம். எனக்குப் பேன்ட் அளவெடுக்கும்போதெல்லாம் இதைச் சொல்லிவிட்டு, மாஸ்டர் கோபுரத்தைக் காட்டிச் சிரிப்பார். “பரசுராமரும் பெருமாள்தானே சார். யாருக்குப் பயந்து ஓடினோமோ அவர் வாசல்லயே கடை போட்டிருக்கோம். இங்க படுத்துக்கிட்டுதானே இருக்கார்னு ஒரு தைரியம்.”

அந்த வருஷம் விஜயதசமி ஐப்பசியில் விழுந்தது. அன்று காலை நிச்சயம். சம்பந்தி வீட்டார் அனுப்பிய பட்டைத்தான் கட்ட வேண்டும்; அது வந்து சேர்ந்ததோ கடைசி நேரத்தில். ஆயுத பூஜையன்று ரவிக்கையை வாங்கப் போனால், அது ஒற்றைக் கையோடு அம்மன் படத்தின் முன்னால், கத்திரிக்கோலுக்கு அடியில் இருந்தது.

“இனி நாங்களா எடுக்கக் கூடாது சார். கீழ வெச்சதை அம்மன்தான் திருப்பித் தரணும். காலையில வீட்டுப் பொண்ணு அவளா நின்னு எடுத்துக் கையில குடுப்பா, அப்புறம்தான் தையல்.”

வீட்டுப் பெண் என்றால் அவர் மனைவி. அவரோ தங்கை பிரசவத்துக்காக மதுரையில். திரும்ப மறுநாள் மத்தியானம் ஆகுமாம். மாஸ்டர் மேலே ஏதோ சொல்ல வந்தார். நான் அதற்குள் தெருவில் இருந்தேன்.

ஒற்றைக் கைதான் இப்போது புதுப் பாணி என்று சம்பந்தியிடம் சாதித்துவிடலாமா என்று யோசித்தேன். கோயிலுக்குள் ஓடி, இந்தப் பழைய பகையை இன்னுமா விடவில்லை என்று பெருமாளிடமே கேட்டேன். வீட்டுக்கு வந்தால் மகள், “அப்பா, நிச்சயம் எனக்கா உங்களுக்கா? முதல்ல உட்காருங்க” என்றாள்.

விடிந்ததும் அவளே ஸ்கூட்டரில் என் பின்னால் ஏறிக்கொண்டாள். மாஸ்டர் குளித்து, விளக்கேற்றிக் காத்திருந்தார்.

“வாம்மா. பாவாடை சட்டையிலேர்ந்து உனக்கு நான்தானே தெச்சேன். எடுத்துக் குடு.”

“நேத்தே சொல்லியிருக்கலாமே மாஸ்டர்?”

“நீங்க நின்னாத்தானே சார் சொல்றதுக்கு. எங்க முன்னோர்கூட இவ்வளவு வேகமா ஓடியிருக்க மாட்டாங்க.”

மாஸ்டர் இப்போது இல்லை. கடையை அவர் மனைவி நடத்துகிறார். “நானே எடுத்து நானே வாங்கிக்க முடியுமா?” என்கிறார். அதனால் விஜயதசமிக்கு மகள் புனேயிலிருந்து வந்துவிடுகிறாள். மஞ்சள் துணியும் குங்குமமுமாக அதே கத்திரிக்கோல். அதைப் பார்க்கும்போது இன்றைக்கும் எனக்கு லேசாக வேர்க்கிறது.

அன்று நடந்தது இவ்வளவுதான். மகள் கத்திரிக்கோலை எடுத்துக் கொடுத்தாள். மாஸ்டர் இரண்டு கைகளாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மெஷினில் உட்கார்ந்து மறு கையைத் தைத்து முடித்தார். நிச்சயம் சொன்ன நேரத்துக்கு நடந்தது.