மின்னலின் தினப்படி வேகம்

எங்கள் சோப்புக் கம்பெனியில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மின்னல் என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். பெல்ட்டில் வரும் சோப்புகளை ஆறாறாக அள்ளிப் பெட்டியில் அடுக்கி மூடுவது எங்கள் எட்டுப் பேரின் வேலை. நாங்கள் மட்டும் இருந்தால் எங்களைப் போலத்தான் செய்வாள். வெளியாள் யாராவது வந்து நின்றால் போதும், கை பறக்கும். பாராட்டு என்றால் அப்படியொரு பைத்தியம்.

அந்தப் பைத்தியம்தான் வினையாக முடிந்தது. புதிதாக வந்த பெரிய அதிகாரி செலவைக் குறைக்கப் போகிறாராம். அதே வாரம் அவர் அறையில் இரண்டாவது ஏசி மாட்டினார்கள். அது செலவில் சேராது போலிருக்கிறது. ஸ்டாப்வாட்ச்சோடு ஒருவரை எங்களிடம் அனுப்பினார். வந்தவர் மின்னல் பக்கத்தில் அரைமணி நேரம் நின்றார். அவள் சும்மா இருப்பாளா? வெளுத்து வாங்கிவிட்டாள். "இந்த வேகத்துல எல்லாரும் செஞ்சா அஞ்சு பேர் போதுமே" என்று எழுதிக்கொண்டு போனார். அடுத்த வாரம் இன்னொரு முறை அளந்து பார்த்துவிட்டு, மெதுவான மூன்று பேரை வீட்டுக்கு அனுப்புவார்கள் என்றார் சூப்பர்வைசர்.

அந்த மூவரில் முதல் ஆள், எங்களோடு அடுக்கும் மின்னலின் நாத்தனார்தான். புருஷனைப் பறிகொடுத்துவிட்டு இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைக்கிறவள். எனக்கு வந்த ஆத்திரத்தில், "சொந்த நாத்தனார் வயித்துலயே அடிச்சிட்டியேடி" என்று கத்திவிட்டேன். மின்னல் பெல்ட் ஓரமாக நின்று அழுதாள்.

நாத்தனார் அழவில்லை. அன்று சாயங்காலம் என்னையும் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போய், மின்னல் முன்னால் துணிக்கூடையை வைத்தாள்.

"அண்ணி, மடிங்க. நாங்க பாக்குறோம்."

கண்மூடித் திறப்பதற்குள் கூடை காலி.

"யாரு உங்கள துரத்துறா?"

"நீங்க பாக்குறீங்கல்ல, கை கேக்க மாட்டேங்குது!"

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. மறுநாள் நாத்தனார் தன் பிள்ளைகளையும் சேர்த்து உட்காரவைத்தாள். ஐந்தாம் நாள், எத்தனை கண் பார்த்தாலும் தினப்படி வேகத்தில் மடிக்கப் பழகிவிட்டாள் மின்னல்.

ஸ்டாப்வாட்ச்காரர் மறுபடி வந்து நின்றார். அவள் விரல்கள் பரபரத்தன. நாத்தனார் இருமினாள். கை அடங்கியது. அரைமணி நேரத்தில் நாலு இருமல்.

"என்னம்மா, போன வாரம் அந்த ஓட்டம் ஓடினீங்க?"

"நீங்க நிக்கிறீங்கன்னு ஓடினேன் சார். எட்டு மணி நேரமும் அப்படி ஓடினா மணிக்கட்டு வீங்கிடும்."

அவர் எங்கள் எட்டுப் பேரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுதினார்.

சனிக்கிழமை, வேலையில் தொடர்கிறவர்களின் பட்டியலைப் பலகையில் ஒட்டினார்கள். எட்டுப் பேரும் இருந்தோம். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நாத்தனார் அண்ணியைக் கட்டிக்கொண்டு, இத்தனை நாள் அடக்கிவைத்ததையெல்லாம் சேர்த்து அழுதாள். மின்னல் பெயருக்கு எதிரே 'வேகம்: சுமார்' என்று இருந்தது. நான்தான் படித்துக் காட்டினேன், எங்கே முகம் வாடிவிடுமோ என்ற பயத்தோடு.

"சுமார்னுதான் போட்டிருக்கானா?" என்றாள் மின்னல், முகமெல்லாம் பல்லாக. "இன்னொரு தடவ சத்தமா படிங்கக்கா!"