ஹெட்லி வீட்டின் பின்சுவர்

ஹெட்லியின் கையில் மீன் கிழிக்கும் கத்தி இருந்தது. அதன் நுனியால் தன் வீட்டுச் சுவர்ப்பலகைகளை ஒவ்வொன்றாகக் குத்திப் பார்த்தபடி நகர்ந்துகொண்டிருந்தார். கடலைப் பார்த்த முன்சுவரில் கத்தி, ஊறிய ரொட்டிக்குள் இறங்குவதுபோல இறங்கியது. பக்கச் சுவர்கள் இரண்டும் பாதிக்குப் பாதி பழுது. பின்சுவருக்கு வந்ததும் நுனி வண்ணத்தைக் கீறியதோடு நின்றுவிட்டது. பாறைக்குன்றின் மறைவில் நிற்கிற சுவர் அது. காற்றும் உப்பும் அங்கே எட்டுவதில்லை.

"பின்னாடி நல்லாத்தான் இருக்கு" என்றார், கத்தியைக் கால்சட்டையில் துடைத்தபடி.

நான் பின்படியில் அவர் மனைவி டல்ஸியை உட்காரவைத்துத் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். முதியோரைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி பெற்றவள் நான். காலையில் போய் அவளைக் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, நகம் வெட்டி, அவள் சொல்கிற பழைய வம்புகளைப் புதிதாகக் கேட்பது என் வேலை. டல்ஸிக்கு மறதி நோய். சில நாள் என்னைத் தெரியும். சில நாள் நான் மீன் ஆலையில் அவளோடு வேலை பார்த்த யாரோ ஒருத்தி. அந்த யாரோ ஒருத்தி சரியான சோம்பேறி போலிருக்கிறது. அவளுக்கு விழ வேண்டிய திட்டெல்லாம் எனக்கு விழும்.

அந்த வீட்டை ஹெட்லி தன் கையாலேயே கட்டினார். கல்யாணத்துக்கு முந்தின குளிர்காலத்தில் வளைகுடாவின் உட்கரைக் காட்டுக்குப் போய் மரம் வெட்டி, பனிமேல் இழுத்து வந்து, தானே அறுத்த பலகை. டல்ஸி மஞ்சள் வண்ணம் வேண்டும் என்றாள். மூடுபனியிலும் தெரியும் என்பது அவள் கணக்கு. காட் மீன் குறைந்துபோய் அதைப் பிடிக்கவே அரசு தடை போட்டபோது எங்கள் துறையில், இந்தச் சின்னக் கடற்கரை ஊரில், பாதிப்பேர் மேற்கே எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போனார்கள். ஹெட்லி போகவில்லை, இன்னொருவரின் நண்டுப் படகில் கூலிக்குப் போனார். ஏன் இங்கேயே கிடக்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், இது வீட்டுக்கு வண்ணம் அடிக்கிற வருஷம் என்பார். அடுத்த வருஷமும் அதே பதில்தான்.

டல்ஸி ரொட்டி சுடும்போது பாதியில் மறக்க ஆரம்பித்த பிறகு, அவர் மாவு பிசையக் கற்றுக்கொண்டார். முதலில் சுட்டவற்றைப் பக்கத்து வீட்டு செஸ்லிதான் தின்று தீர்த்தான். ஒன்றைக் கையில் தூக்கிப் பார்த்து, இதைக் கயிற்றில் கட்டி இறக்கினால் படகு நகராது என்றான். இப்போது ஹெட்லியின் ரொட்டி என்னுடையதைவிட நன்றாகவே வருகிறது.

போன இலையுதிர் காலத்தில் வண்ணம் அடிக்க ஏணியில் ஏறி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். அவர் மகள் கிளெனிஸ் செயிண்ட் ஜான்ஸ் நகரத்திலிருந்து வந்தாள். நல்ல பெண், தகப்பனைப் போலவே பிடிவாதம். இரண்டு விஷயம் சொல்லிவிட்டுப் போனாள். ஒன்று, வண்ணமே அடிக்கத் தேவையில்லாத எதையாவது சுவருக்குப் போட்டுவிட வேண்டும். இன்னொன்று, அம்மாவுக்கு வீடு அடையாளம் தெரிகிற வரைக்கும் வீட்டில் இருக்கலாம். வீடே தெரியாமல் போய்விட்டால் நகரத்து முதியோர் இல்லத்தில்தான் விட வேண்டும். தெரியாத இடத்தில் பயந்துகொண்டு கிடப்பதைவிட அங்கே ஆளும் பேருமாக இருக்கட்டும் என்றாள். ஹெட்லி சரி என்றார். நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

அதனால் தினமும் மாலை அவர் அவளைப் படகுத்துறை வரை நடத்திக் கூட்டிப்போய்த் திரும்புவார். பின்படி வந்ததும் கையை விட்டுவிடுவார். டல்ஸி தானாக ஏறுவாள். இடது கையைக் கதவோரப் பலகையில் ஊன்றிக்கொண்டு ரப்பர் பூட்ஸை ஒவ்வொன்றாக உதறிவிட்டு உள்ளே போவாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் கை ஊன்றிய இடம் அது. அங்கே மஞ்சள் தேய்ந்து, மரம் எண்ணெய் தடவினாற்போல மின்னும். அவள் உள்ளே போகிற வரை ஹெட்லி கீழேயே நின்று பார்த்துக்கொண்டிருப்பார்.

செஸ்லி தச்சன். கோடை தொடங்கியதும் சுவர் மாதிரிகளை அள்ளிக்கொண்டு வந்து சமையலறை மேசையில் கொட்டினான். வினைல் என்கிற பிளாஸ்டிக் பட்டை, சிமெண்ட் பலகை, சீடர் என்கிற தேவதாரு மரச்சில்லு, சாதாரண மரப்பலகை. ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துப் பேசினோம். சிமெண்ட் பலகை கனம், அறுத்தால் வருகிற தூசி நெஞ்சுக்கு ஆகாது. சீடர் மரம் நாட்டின் அந்தக் கோடியிலிருந்து வர வேண்டும். மரப்பலகை வண்ணம் கேட்டுக்கொண்டே இருக்கும். வினைல் எதுவும் கேட்காது. கடுங்குளிரில் ஏணி இடித்தால் விரியும், பெருங்காற்றில் ஒன்றிரண்டு கழன்று பறக்கும். மற்றபடி தண்ணீர் விட்டுக் கழுவினால் போதும்.

"வீட்டுக்குப் பல்செட் கட்டி விட்டுடறேன் ஸ்கிப்பர். அப்புறம் ஆயுசுக்கும் வலி கிடையாது" என்றான் செஸ்லி. படகுத் தலைவரை அழைப்பதுபோல அவரை ஸ்கிப்பர் என்றுதான் கூப்பிடுவான்.

"பல்செட்டைத் தூங்கறப்ப கழட்டி வைக்கலாம்டா. இதை என்ன பண்றது?"

டல்ஸி மாதிரித் துண்டுகளையெல்லாம் சேர்த்து அடுக்கி, சீட்டுப் போடுவதுபோல எங்கள் எல்லோருக்கும் போட்டாள். உங்கள் முறை என்று ஹெட்லியை முறைத்தாள். அவர் யோசித்து மஞ்சள் வினைலை இறக்கினார். அவள் சீடர் துண்டை அதன்மேல் போட்டு எல்லாவற்றையும் வாரிக்கொண்டாள். "சீட்டுல இவரை நான் என்னிக்குத் தோக்கடிச்சிருக்கேன்? தானே தோப்பாரு" என்றாள் என்னிடம். அது நல்ல நாள்.

கடைசியில் ஹெட்லி எடுத்த முடிவு இது. பின்சுவருக்கும் பக்கச் சுவர்களுக்கும் வினைல். முன்சுவர் மட்டும் மரம். பின்சுவரிலிருக்கும் நல்ல பலகைகளைப் பிரித்து எடுத்து, அழுகிப்போன முன்சுவரில் வைத்து அடிப்பது. முனையைச் சுற்றி வருகிற எந்தப் படகுக்கும் முதலில் தெரிவது அந்த முகம்தான். அதில் பிளாஸ்டிக் ஒட்டிக்கொண்டு ஊர்முன் நிற்க முடியாது என்றார். முகத்தின் நடுவில் ஒரு கதவும் உண்டு, படி கிடையாது. தரையிலிருந்து நெஞ்சுயரத்தில் அந்தரத்தில் நிற்கும். எங்கள் துறையில் பல வீடுகளில் அப்படித்தான். முன்கதவு வழியாக யாரும் வருவதில்லை. ஹெட்லியின் தாயின் சவப்பெட்டியைப் பலகை வைத்து அந்த வழியாகத்தான் இறக்கினார்கள். அதற்குப் பிறகு அது திறந்து நான் பார்த்ததில்லை.

எனக்கு அந்த முடிவு சரியாகவே பட்டது. செஸ்லிக்கும் சரி. துறையில் யாரைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். டல்ஸியை நினைத்து ஹெட்லி செய்தது ஒன்று, வண்ணம். மஞ்சள் வினைல் துண்டுகளை வெயிலிலும் மூடுபனியிலும் சுவரோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்து, கண்ணுக்கு வித்தியாசமே தெரியாத ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்.

வேலை நடந்த நாட்களில் சுத்தியல் சத்தம் அவளுக்கு ஆகாது என்று என் வீட்டுக்குக் கூட்டிப்போய் வைத்துக்கொண்டேன். மேட்டில் நாலு வீடு தள்ளித்தான் என் வீடு. நன்றாகச் சாப்பிட்டாள், நன்றாகத் தூங்கினாள், என் சமையலறையை எனக்கு முன்னால் பெருக்கினாள். பின்சுவரும் பக்கச் சுவர்களும் முடிந்து, முன்சுவருக்கு வண்ணம் மட்டும் பாக்கி என்றதும், வெளிச்சம் இருக்கும்போதே நானும் ஹெட்லியும் அவளை நடத்திக் கூட்டிவந்தோம்.

பின்படி வந்தது. ஹெட்லி கையை விட்டார். டல்ஸி ஏறினாள். கதவோரம் போய் இடது கையை ஊன்றினாள். வினைலை இறுக்கி அறையக் கூடாது, வெயிலில் நீளவும் குளிரில் சுருங்கவும் இடம் விட்டுத் தொங்கவிட வேண்டும். அவள் பாரம் பட்டதும் அது உள்வாங்கி 'டக்'கென்றது. சூடு பட்டவள்போலக் கையை எடுத்தாள். கையைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். பிறகு பூட்ஸோடேயே இறங்கி வந்துவிட்டாள்.

"இது யார் வீடோ. அவங்க இல்லாதப்ப நாம நுழையறது நல்லா இல்லை" என்றாள்.

ஹெட்லி என்னைப் பார்த்தார். இப்படிப்பட்ட நேரத்தில் வாதாடக் கூடாது. வேலி வரை நடந்துவிட்டு மறுபடி வரலாம் என்றேன். வந்தோம். அவள் படியிலேயே கால் வைக்கவில்லை. அடுத்த முறை, முன்பக்கமாவது நினைவுக்கு வரட்டும் என்று ஹெட்லி அவளைச் சுற்றிக் கூட்டிப்போனார். அங்கே பழைய பலகைகள், அவரே அறுத்தவை, வரிசையாக நின்றன. டல்ஸி அந்தரத்தில் நின்ற கதவை அண்ணாந்து பார்த்தாள்.

"அழகான வீடு. கடல் நல்லாத் தெரியும்" என்றாள். ஊருக்குப் புதிதாக வந்தவள் பேசுவதுபோல. பிறகு அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "வாங்க போகலாம். ஹெட்லிக்குச் சாப்பாட்டு நேரமாச்சு. அவர் தனியா இருப்பார்."

"அவன் காத்துக்கிட்டுத்தான் இருப்பான் கண்ணு. நீ மெதுவா நட" என்றார் ஹெட்லி.

உள்ளே தொலைபேசி அடித்தது. அந்த நேரத்துக்குத் தினமும் கிளெனிஸ்தான் கூப்பிடுவாள், அம்மா தானாக உள்ளே போனாளா என்று கேட்பாள். ஹெட்லி எடுக்கப் போகவில்லை. அது அடித்து ஓய்ந்தது.

கருவிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த செஸ்லி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றான். ஹெட்லி முன்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னலுக்குக் கீழே ஒரு பலகையில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் இல்லை, மரம் மின்னியது. கிட்டப் போய் அதைத் தடவினார்.

"இங்க இருக்கு" என்றார்.

"என்னது ஸ்கிப்பர்?"

"அவ கதவு. அதைக் கொண்டுபோய்ப் படகுக்காரனுங்க பார்க்கற இடத்துல அறைஞ்சு வச்சிருக்கோம்."

பிறகு ஹெட்லி, முன்சுவரிலிருந்து இந்தப் பலகைகளையெல்லாம் பிரித்துப் பின்சுவரில் திரும்ப அடிக்க வேண்டும், அங்கிருக்கிற வினைல் முன்பக்கத்துக்கு வரட்டும் என்றார். யோசித்தால், காற்றடிக்கிற பக்கத்துக்கு வினைல், மறைவான பக்கத்துக்கு மரம் என்பதுதான் முதலிலேயே செய்திருக்க வேண்டிய காரியம். கத்தி குத்திப் பார்த்த அன்றே அது தெரிந்திருந்தது. முகத்துக்காக யாரும் அதைச் சொல்லவில்லை.

"முன்பக்கம் பிளாஸ்டிக்கா? துறையே சிரிக்கும் ஸ்கிப்பர்" என்றான் செஸ்லி.

"சிரிக்கட்டும். அவனுங்க யாரும் அந்தக் கதவு வழியா டீ குடிக்க வரப்போறதில்லை."

டல்ஸியை அன்று என் வீட்டிலேயே படுக்கவைத்தேன். ஹெட்லி ரொட்டியும் உப்பு மீனும் கொண்டுவந்து கொடுத்து, அவள் சாப்பிடும் வரை உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். அவர் போகும்போது டல்ஸி, நல்ல மனிதர், கல்யாணமானவரா என்று என்னிடம் கேட்டாள். ஆனவர்தான் என்றேன். அவள் கொஞ்சம் ஏமாந்தாற்போல இருந்தது. கதவுக்கு வெளியே ஹெட்லியின் காலடி நின்று, பிறகு போனது.

மறுநாள் காலை நான் டல்ஸிக்குத் தலை வாருகிறபோதே கீழே ஆணி பிடுங்குகிற சத்தம் கேட்டது. செஸ்லி முன்சுவரிலிருந்து பலகைகளை விரியாமல் கழற்றிக் கொடுக்க, ஹெட்லி ஒவ்வொன்றாகத் தோளில் வைத்துப் பின்னால் சுமந்துபோனார். ஏணி வேண்டிய உயரமெல்லாம் செஸ்லிக்கு. கைக்கு எட்டுகிற உயரம் மட்டும் தனக்கு என்று சொல்லியிருந்தார். நான் அவளைக் கூட்டிக்கொண்டு இறங்கியபோது பின்சுவரில் கதவின் இரண்டு பக்கமும்தான் முடிந்திருந்தது. மேலே பாதி, வினைலைக் கழற்றிய இடத்தில், அடியில் விரித்த தாள் மட்டும் தெரிந்தது. தேய்ந்த பலகையை ஹெட்லி கடைசியாக வைத்தார். பழைய ஆணித்துளைகளிலேயே ஆணி இறக்கினார். அடித்து முடித்து, அதில் தன் கையை ஊன்றி ஒருமுறை அழுத்திப் பார்த்தார். பிறகு இறங்கி வந்து ஒதுங்கி நின்றார்.

நான் கையை விட்டேன்.

டல்ஸி ஏறினாள். இடது கை தானாகப் போய் அந்த இடத்தில் ஊன்றியது. ஒரு பூட்ஸை உதறினாள். அடுத்ததையும் உதறினாள். அது படியில் உருண்டு கீழே விழுந்தது. கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய்விட்டாள்.

"அடுப்புல கெட்டிலைக் கூட வைக்காம என்ன பண்ணிட்டிருந்தீங்க ஹெட்?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

ஹெட்லி குனிந்து பூட்ஸை எடுத்து, அதன் ஜோடியோடு சேர்த்துக் கதவோரம் நேராக வைத்தார். சுத்தியலை என் கையில் கொடுத்துவிட்டுக் கிளெனிஸைத் தொலைபேசியில் கூப்பிட உள்ளே போனார். முன்பக்கத்தில் செஸ்லி முதல் வினைல் துண்டை அளந்து அறுத்துக்கொண்டிருந்தான். படியில்லாத கதவையும் சேர்த்து மூடிவிடவா என்று கத்திக் கேட்டான்.

"அது இருக்கட்டும்டா. இப்போதைக்கு அதுக்கு வேலை இல்லை" என்று ஜன்னல் வழியாகச் சொன்னார் ஹெட்லி, தொலைபேசியைக் காதில் வைத்தபடி.