வாய்தவறி வந்த ‘ஐயோ’

செங்கல்பட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில், அடைத்துக்கொண்ட ரத்தக்குழாயை உள்ளிருந்தே திறக்கும் சிகிச்சையை நான் பழகிக்கொண்டிருந்தேன். ரப்பர் மாதிரியில் பலமுறை செய்துவிட்டு, முதன்முதலாக ஒரு மனிதக் காலில் செய்தேன். மாமல்லபுரத்தில் மீன் விற்கும் ஓர் அம்மாவின் கால் அது. பாதத்தில் ஆறாத புண்ணோடு வந்திருந்தார்.

அவசரத்தில், ரத்தக்குழாய்க்குள் விட்டிருந்த மெல்லிய கம்பியை அழுத்தித் தள்ளினேன். அது குழாயின் சுவரைத் துளைத்துவிட்டது. திரையில் ரத்தக் கசிவைப் பார்த்ததும் "ஐயோ" என்றேன். பயிற்சி தந்த மருத்துவர் என்னை விலக்கிவிட்டு, பலூனால் கசிவை அடைத்தார். கால் பிழைத்தது.

வெளியே காத்திருந்த அந்த அம்மாவின் மகனிடம், "நல்லபடியா முடிஞ்சது" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் கட்டுப் பிரிக்கும்போது அந்த அம்மா மெதுவாகச் சொன்னார்: "மரத்துப்போற ஊசி போட்டது தொடையிலதான டாக்டரு? நான் முழிச்சிகினுதான் கெடந்தேன். நீ ‘ஐயோ’ன்னது கேட்டுச்சி. கால் பூட்ச்சின்னே நெனச்சேன்."

"அப்பவே ஏம்மா கேக்கல?"

"கேட்டா உன் கை இன்னும் நடுங்குமேன்னு வாய மூடிகினேன்."

அன்றைக்கே மகனைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். அவர் என் சட்டையைப் பிடிக்க வந்தார். அது நியாயம்தான். அந்தக் கோபத்தை என்னால் தாங்க முடிந்தது. அத்தனை பயத்திலும் எனக்காக அந்த அம்மா அசையாமல் படுத்திருந்ததைத்தான் இன்றுவரை தாங்க முடியவில்லை.