பூஜையறையில் ஒடிந்த வில்

ஜகதாம்பாளுக்கு நாற்பத்தாறு வயது. கிடர்பூரில் ஒரு கப்பல் கம்பெனியில் கணக்கு அதிகாரி. பாலிகஞ்சில் அண்ணன் பட்டாபிராமனின் பிளாட்டில் வாசம். அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பதை உறவினர்கள் மஞ்சள் காமாலையைப் பற்றிப் பேசுகிற குரலில் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜாதவ்பூர் மைதானத்தில் அவள் அம்பு விடுகிறாள் என்று சொல்லும்போது அந்தக் குரல் இன்னும் தாழும். காமாலைக்காவது கீழாநெல்லி இருக்கிறது.

அவளை முதலில் அங்கே அழைத்துப் போனவர் அதே அலுவலகத்தில் சுங்க வேலைகளைக் கவனிக்கும் முகமது இஸ்மாயில். வேடிக்கை பார்க்கப் போனவள் அவர் வில்லை வாங்கி ஓர் அம்பு விட்டாள். அது இலக்கைச் சட்டை செய்யாமல் ஒரு வேப்ப மரத்தில் போய்க் குத்தியது. மரத்துக்கு எப்படியோ, இவளுக்குப் பிடித்துப்போயிற்று. நான்கு வருடங்களாக விடவில்லை.

அந்த மைதானத்து வில்வித்தைச் சங்கத்தில் எல்லாமே பழைய பாணி வில். குறி பார்க்கும் கண்ணாடி, கப்பி, சக்கரம் எதுவும் கிடையாது. வில்லின் இரண்டு கைகளும் நுனியில் எய்பவருக்கு எதிர்ப்பக்கமாக மடங்கியிருக்கும். அந்த மடிப்பில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் நுனி விறைப்பான கட்டை. நாணை எவ்வளவு இழுத்தாலும் அது நிமிராது. நெம்புகோல் போல நின்று வில்லின் கைகளை வளைக்கும். நீண்ட கைக்காரர்கள் காதுக்குப் பின்னால் வரை இழுத்துக் கனமான அம்பை விடுவதற்கு ஏற்றது. இன்னொன்றில் இழுக்க இழுக்க நுனியும் விரிந்து கொடுக்கும். நுனியில் பளு குறைவு. கொஞ்சமாக இழுத்தாலும் மெல்லிய அம்பு விருட்டென்று போகும். ஜகதாம்பாள் ஐந்தடி உயரம், கை குட்டை. ஆகவே இரண்டாவது வகையை வாங்கினாள். காலுக்கு ஏற்ற செருப்பு வாங்குவதைப் போன்ற காரியம், அவ்வளவுதான்.

ஆனால் நம் ஆட்கள் மரக்கட்டைக்கும் வர்ணம் பிரிக்காமல் விடுவார்களா? கட்டை நுனி உள்ளதே க்ஷத்திரிய வில் என்பார் சங்கச் செயலாளர் ராம்கி. வளையும் நுனி கலப்படம், வந்தேறி. ராம்கியின் வம்சத்தில் கடைசியாகப் போருக்குப் போனவர் யார் என்று எவரும் கேட்டதில்லை. அவருடைய அப்பா இன்ஷூரன்ஸ் ஆபீசில் இருந்தார்.

அந்த வருடம் பர்த்வானில் மாநிலப் போட்டி. சங்கத்திலிருந்து மூன்று பேர் போகலாம். தேர்வு, தசமிக்கு அடுத்த ஞாயிறு. முதல் இரண்டு இடங்கள் இஸ்மாயிலுக்கும் இன்னொருவருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். மூன்றாவது இடம் ஜகதாம்பாளுக்கா, ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் விக்ரமுக்கா என்பதே கேள்வி. முந்தைய தேர்வுகளில் எல்லாம் அவள் நான்காவதாக வந்திருந்தாள். இந்தத் தடவை போயே தீருவது என்று இருந்தாள்.

நவமியன்று சிநேகிதிகளோடு துர்கா பூஜைப் பந்தல்களைப் பார்க்கப் போய்விட்டு மதியம் வீடு திரும்பினாள். பூஜையறையில் சரஸ்வதி படத்துக்கு முன்னால், மிக்சிக்கும் ஸ்கூட்டர் சாவிக்கும் நடுவில், அவளுடைய வில் சந்தனமும் குங்குமமுமாகக் கிடந்தது. மேல் கை பாதியில் பிளந்து, உள்ளே மூங்கில் தெரிந்தது.

"அண்ணா, என்ன இது?"

"ஒடிஞ்சுடுத்து" என்றார் பட்டாபிராமன்.

"தானாவா?"

"ஆயுத பூஜைன்னு பேரை வெச்சுண்டு வருஷா வருஷம் அயர்ன் பாக்ஸுக்குப் பொட்டு வெக்கறோம். ஆத்துல நெஜமாவே ஒரு ஆயுதம் இருக்கச்சே அது உறைக்குள்ள கெடக்கலாமோ? எடுத்து வெச்சேன். கயிறு இல்லாம மூளியா இருந்துது. கட்டினேன்."

"எந்தப் பக்கம் கட்டினேள்?"

"வளைஞ்சிருந்த பக்கம்தான். காலண்டர் சாமி கையில அப்படித்தானே இருக்கு?"

நாண் கழற்றினால் அந்த வில் வெளிப்பக்கமாகப் பிறை போல வளைந்து நிற்கும். அந்த வளைவுக்கு எதிராக மடக்கித்தான் நாண் ஏற்ற வேண்டும். அந்த எதிர்ப்பில்தான் அதன் வேகமே இருக்கிறது. பட்டாபிராமன் பிறையைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார், பிறைக்குக் குறுக்கே கயிற்றைக் கட்டிவிட்டார்.

"கட்டினதோட விட்டேளா?"

அடுக்களையிலிருந்து மன்னியின் குரல் வந்தது. "விடுவாரா? என்னை போட்டோ எடுக்க வரச் சொல்லிட்டு இழுத்துண்டு நின்னார். நான் வரதுக்குள்ள படார்னுது. குக்கர்தான் வெடிச்சுடுத்தோன்னு ஓடி வந்தேன்."

"நல்ல சகுனம்னு எடுத்துக்கோடி" என்றார் பட்டாபிராமன். "வில்லு ஒடிஞ்சா கல்யாணம் நடக்கும்."

"ஒடிச்சவாளுக்குன்னா நடக்கும்? மன்னி கிட்ட கேட்டுண்டேளா?"

மன்னி சிரித்த சிரிப்பில் ஏதோ பாத்திரம் கீழே விழுந்தது. ஜகதாம்பாள் சிரிக்கவில்லை. படத்தை நம்பி, கையில் இருக்கும் பொருளைப் பார்க்க மறுக்கிற பக்தி இந்த வீட்டில் ஒரு வில்லை ஒடித்தது. வேறு இடங்களில் அதே பக்தி மனிதர்களை ஒடித்திருக்கிறது.

பூஜை விடுமுறையில் புது வில்லுக்கு எங்கே போவது? ஞாயிறு காலை வெறுங்கையோடு மைதானத்துக்குப் போனாள்.

"அக்கா, என்னுதும் உங்களுது மாதிரி நுனி வளையறதுதான். எடுத்துக்குங்க" என்று இஸ்மாயில் தன் வில்லை நீட்டினார்.

ராம்கி குறுக்கே வந்தார். "ஒருத்தர் வில்லை இன்னொருத்தர் தொடக் கூடாது. அது மரபு. சொந்த வில் இல்லேன்னா சங்கத்து வில்."

"இந்த மரபு யார் தொட்டா குறுக்க வரும் சார்? அவர் தொட்டாலா, நான் தொட்டாலா?" என்றாள் ஜகதாம்பாள்.

ராம்கி சங்கத்து வில்லை எடுத்துக் கொடுத்தார். கட்டை நுனி, ஆறடி ஆளுக்கான நீளம். ஜகதாம்பாள் தன் கை முடிகிற இடம் வரை இழுத்தாள். அந்த வில் அப்போதுதான் சோம்பல் முறிக்கத் தொடங்கியிருந்தது. ஆறு அம்புகளில் நான்கு, இலக்கு வரை போகாமல் புல்லில் குத்தின. விக்ரம் தன் வில்லால் ஐந்து அம்புகளை இலக்கில் ஏற்றினான்.

"லேடீஸ் தோள்ல அவ்வளவுதான் தெம்பு. வருத்தப்படாதீங்கோ" என்றார் ராம்கி, மிகுந்த கருணையுடன்.

கருணைதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. துப்பட்டாவின் ஓரத்திலிருந்து ஒரு நூலைப் பிய்த்தாள். தான் முழுக்க இழுத்தால் அம்பின் எந்த இடம் வில்லுக்கு வருமோ அந்த இடத்தில் கட்டினாள்.

"விக்ரம், இதே சங்கத்து வில். நூல் வில்லுக்கு வந்ததும் விட்டுடணும். மேல இழுக்கக் கூடாது. உன் தோள்தானே, என்ன ஆறதுன்னு பாக்கலாம்."

"வேண்டாம்டா" என்றார் ராம்கி. "உன் இடம் முடிவாயாச்சு."

"ஒரு அம்புதானே ராம்கி-தா. என் தோள் எங்கயும் ஓடிப்போகாது."

விக்ரம் விட்டான். அம்பு ஜகதாம்பாளின் அம்புகளுக்குப் பக்கத்தில், அதே புல்லில் போய் விழுந்தது. நம்பாமல் அதே நூலை வைத்து இன்னும் இரண்டு விட்டான். அவையும் அங்கேயே குடியேறின.

"அரே பாபா! இது தோள் இல்லே, வில்லு" என்று உரக்கச் சிரித்தான். "தீதி, நீங்க இஸ்மாயில்-தா வில்லை எடுங்க. நான் என்னுதை எடுக்கறேன். ஆளுக்கு ஆறு."

"மரபுன்னு ஒண்ணு..." என்று ராம்கி ஆரம்பித்தார்.

"என் வில்லு சார். தொடலாம்னு நான் சொல்றேன்" என்றார் இஸ்மாயில்.

"விக்ரம், இடம் போயிடும்டா!"

"அவ்வளவு ஈசியா தோத்துடுவேனா?"

தோற்றான். இரண்டு பேருக்கும் முதல் ஐந்து அம்புகள் சரிசமமாக இருந்தன. ஆறாவது அம்பை விக்ரம் வெளி வளையத்தில் வைத்தான். ஜகதாம்பாளின் அம்பு நடுவட்டத்தின் விளிம்பைக் கவ்விக்கொண்டு நின்றது.

சுற்றி நின்றவர்கள் அவள் முகத்தைப் பார்த்தார்கள். இந்த நாட்டில் ஒரு பெண் எதையாவது ஜெயித்தால், அதை அழகாகத் திருப்பிக் கொடுக்கப்போகிறாள் என்று ஒரு கூட்டம் கைதட்டத் தயாராக நிற்கும்.

"பையன் தானா முன்வந்து சான்ஸ் குடுத்தான்" என்றார் ராம்கி. "நீங்க வயசுல பெரியவா. விட்டுக்கொடுத்தா பெருந்தன்மையா இருக்கும்."

"பெருந்தன்மைக்குத் தனியா ஒரு டீம் அனுப்புங்கோ சார். இந்த டீமுக்கு என் பேரை எழுதுங்கோ."

விக்ரம் தலையைச் சொறிந்தான். "தீதி, நான் வாயை மூடிட்டு இருந்திருக்கணும்."

"ஆமாம்டா" என்றாள் ஜகதாம்பாள். "நல்ல வேளை, மூடலை."

ராம்கி பேனாவைத் தேடி எல்லாப் பைகளையும் தடவினார். இஸ்மாயில் தன் பேனாவைத் திறந்து நீட்டினார். ஒருவர் பேனாவை இன்னொருவர் தொடலாமா என்பதைப் பற்றி மரபு எதுவும் சொல்லியிருக்கவில்லை போலிருக்கிறது. வாங்கி எழுதினார்.