கோலைத் தொட்ட கை

என் அக்கா கணவர் கிளெட்டஸ் கசுங்காவுக்குத் தெரிந்த ஆங்கிலச் சொற்கள் பதினொன்று. நான் எண்ணியிருக்கிறேன். இழு, விடு, மெதுவாக, நிறுத்து, காற்று, பெரியது, சின்னது, நாளை, உட்கார், சாப்பாடு, மன்னிக்கவும். இவற்றை வைத்துக்கொண்டு பன்னிரண்டு வருடங்களாக, ஏரிக்கரை விடுதி ஒன்றுக்கு எங்கெங்கிருந்தோ வரும் தூண்டில்காரர்களை டங்கனிக்கா ஏரிக்குள் கூட்டிப்போய்க் கூட்டிவருகிறார். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவள் நான். தார் எஸ் சலாமில் மூன்று வருடம் புவியியல் படித்துவிட்டு, ஒன்றரை வருடம் விண்ணப்பங்கள் போட்டுவிட்டு, இப்போது அதே விடுதியின் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். எனக்கு எத்தனை சொல் தெரியும் என்று யாரும் எண்ணவில்லை.

அத்தானைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் நினைவுக்கு வருவது அவருடைய சத்தம்தான். படகு கரைக்கு வருவதற்கு முன்பே அவர் பேச்சு வந்துவிடும். முன்பு இரவு வலையில் டகா எனும் சின்ன மீன் பிடித்துக்கொண்டிருந்தவர். விளக்கு வெளிச்சத்தில் வருடக்கணக்காக இருந்து கண் வலித்ததால் விடுதிக்கு வந்தார். வந்த புதிதில், அத்தனை தூரத்திலிருந்து விமானம் ஏறி வந்து, ஒரு நாள் முழுக்க வெயிலில் உட்கார்ந்து, ஒரே ஒரு மீனைப் பிடிக்கிறார்கள் என்பதை அவரால் நம்ப முடியவில்லையாம். "வீட்ல சாப்பாடு சரியில்ல போல, பாவம்" என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறார்.

நான் அவருக்கு மச்சினி முறை. அதனால் எங்கள் வழக்கப்படி கேலிக்குத் தடையில்லை.

"கௌதே, உங்க யுனிவர்சிட்டில இந்த ஏரி எவ்வளவு ஆழம்னு சொல்லிக்குடுத்தாங்களா?"

"சொன்னாங்க அத்தான். ஆயிரத்து நானூறு மீட்டருக்கு மேல."

"அதுல மீன் எங்க இருக்குன்னு சொன்னாங்களா?"

"அது சொல்லல."

"அப்ப பாதி டிகிரிதான் குடுத்திருக்காங்க. மீதியப் போய் வாங்கிட்டு வா."

இந்த வருடம் ஜூலையில் விடுதிக்குப் புதுப் படகு வந்தது. வெள்ளை ஃபைபர் உடம்பு, இரண்டு எஞ்சின், வெயிலுக்குக் கூரை. அத்தானுடைய மரப்படகில் கால் வைத்தால் கணுக்கால் வரை தண்ணீர் நிற்கும். ஒரு கை சுக்கானில், இன்னொரு கை தண்ணீர் இறைக்கிற டப்பாவில் என்றுதான் அவர் ஓட்டுவார். முதுகுவலி வேறு. புதுப் படகுக்கு இரண்டு பேர் போட்டி. ஒருவர் அத்தான், இன்னொருவன் அவரைவிடப் பத்து வயது சின்னவனான மெத்தோடி. மேலாளர் ஷிரிமா நடுவில் நின்று ஒரு வழி சொன்னார்: "யாரோட விருந்தாளி இந்த சீசன்ல ரெக்கார்டு மீன் பிடிக்கிறாரோ, அவருக்குத்தான் படகு. முதலாளியோட உத்தரவு." அன்றிலிருந்து அத்தான் தினமும் காலையில் புதுப் படகின் பக்கவாட்டை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் தன் படகுக்குப் போவார், மாட்டைத் தட்டுவதுபோல.

ஆகஸ்டில் ஹாக்கோன் வந்தார். நார்வேக்காரர், எழுபத்து மூன்று வயது, பாலங்கள் கட்டிய பொறியாளர். தனியாக வந்திருந்தார். மெல்லிய நூலில் பெரிய சங்காலா மீன் பிடித்து, அந்த நூல் வகைக்கான சாதனைப் பட்டியலில் தன் பெயரைப் பதிய வேண்டும் என்பது அவர் ஆசை. ஆங்கிலம் பேச ஆள் வேண்டும் என்று கேட்டதால் என்னையும் படகில் ஏற்றினார்கள்.

நான்கு நாட்கள் ஒன்றுமில்லை. ஐந்தாம் நாள் காலை, தீவுக்குப் பின்னால் பாறைகள் செங்குத்தாக இறங்கும் இடத்தில், தூண்டில் கோல் வளைந்தது. வளைந்து அப்படியே நின்றது.

"பெரியது!" என்றார் அத்தான் ஆங்கிலத்தில். பிறகு என்னிடம், "கௌதே, தாத்தாகிட்ட சொல்லு, இது மீன் இல்ல, மாமியார்னு. இழுத்தா வராது, விட்டுப்பிடிக்கணும்."

நான் சொன்னேன். ஹாக்கோன் சிரித்தார். அதுதான் அவர் கடைசியாகச் சிரித்தது. அதற்குப் பிறகு முக்கால் மணி நேரம் அவர் முகத்தில் வேர்வை மட்டும்தான் இருந்தது. மீன் கீழே இழுக்கும். அவர் நூலைச் சுற்றுவார். மீன் மறுபடி கொண்டுபோகும். அத்தான் படகை அதன் போக்கிலேயே மெல்ல நகர்த்திக்கொண்டிருந்தார். தென்காற்று எழ ஆரம்பித்திருந்தது.

கடைசியில் மீன் மேலே வந்து, வெள்ளி வயிற்றைக் காட்டி, மறுபடி அமுங்கியது. ஹாக்கோனின் முழங்கால் மடங்கியது. கோலின் நுனி தண்ணீருக்குள் போயிற்று. அவர் கைகள் இரண்டும் நடுங்குவதை நான் பார்த்தேன்.

அத்தான் சுக்கானை விட்டுவிட்டு இரண்டே எட்டில் வந்தார். உள்ளங்கையைக் கோலுக்கு அடியில் கொடுத்துத் தாங்கினார். இரண்டு மூச்சு நேரம் இருக்கும். ஹாக்கோன் நிமிர்ந்து காலை ஊன்றிக்கொண்டதும் கையை எடுத்துவிட்டுத் திரும்பிப்போய் உட்கார்ந்தார். ஹாக்கோனின் கண் தண்ணீரைவிட்டு அகலவே இல்லை.

எங்கள் ஊரில் சுமையோடு ஒருவரைப் பார்த்தால் முதலில் வாயிலிருந்து வணக்கம் வராது, கை நீளும். பஸ்ஸிலிருந்து இறங்குபவரின் பை, ஏரியிலிருந்து வரும் பெண்ணின் வாளி, பாதிரியாரின் புத்தகக் கட்டு என்று எதுவானாலும் எதிரே வருபவர் வாங்கிக்கொள்வார். அதற்குப் 'பொக்கேயா' என்று பெயர். வயதானவர் தூக்கிவர, வாங்காமல் நிற்பவனைப் பற்றி அப்புறம் அவன் அம்மாவைத்தான் 'இப்படியா வளர்த்தாய்' என்று கேட்பார்கள். அத்தானின் கை அன்று யோசித்துப் போகவில்லை. தும்மல் வருவதுபோலப் போயிற்று.

கரையில் தராசில் மாட்டினார்கள். நாற்பத்தொரு கிலோ. டகா காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள் எல்லாம் ஓடிவந்தார்கள். அத்தான் நடுவில் நின்று கதையை ஆரம்பித்துவிட்டார்.

"தாத்தாவுக்குக் கால் போச்சு! கை வெடவெடன்னு ஆடுது! நான் சும்மா இருப்பனா? ஓடிப்போய் வாங்கிட்டேன்ல!"

"பின்ன, வாங்காம என்ன?" என்றாள் ஒரு கிழவி.

ஹாக்கோன் என் பக்கம் திரும்பினார். கிளெட்டஸ் என்ன சொல்கிறார் என்று ஆங்கிலத்தில் கேட்டார். எனக்கு விதி தெரியும். அவர் முதல் நாளே எனக்குப் படித்துக் காட்டியிருந்தார்: மீன் மாட்டியதிலிருந்து வேறு யாருடைய விரலும் கோலில் படக்கூடாது. நான் புதுப் படகைப் பார்த்தேன். பிறகு, "நீங்கள் ரொம்ப பலசாலி என்று சொல்கிறார்" என்றேன்.

அவர் அத்தானின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஷிரிமாவுக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லையே. அவர் தூரத்துக் கிளிமஞ்சாரோ பக்கத்துக்காரர்தான், ஆனால் அத்தான் பேசியது சுவாஹிலி; அது அவர் காதிலும் விழுந்துவிட்டது. மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் எங்கள் இருவரையும் உட்காரவைத்தார். மேசையில் பதிவுப் படிவம். அதில் படகோட்டியும் சாட்சியாகக் கையெழுத்துப் போட வேண்டும்.

"கௌதென்சியா, ஏழாவது கேள்வியைப் படி."

படித்தேன். மீன்பிடித்தவரைத் தவிர வேறு எவரேனும் கோலையோ நூலையோ தொட்டார்களா?

"தொட்டேன்னு போடு" என்றார் அத்தான் உடனே.

"தொட்டேன்னு போட்டா ரெக்கார்டு கிடையாது, அண்ணே. அந்த மீன் வெறும் கறி" என்றார் ஷிரிமா.

"கறிதானே அது?"

"தொடலைன்னு போடுங்க. வெளியாளு யாரும் பார்க்கல. தாத்தாவுக்கே தெரியாது. நாளைக்கே படகுச் சாவி உங்க கைல."

அத்தான் முகம் மாறியது. பொய் சொல்லச் சொன்னதற்காக என்றுதான் நான் நினைத்தேன். அவரோ வேறெங்கோ போய்விட்டிருந்தார்.

"இந்தப் பேப்பரை என்ன பண்ணுவீங்க?"

"கண்ணாடி ஃப்ரேம் போட்டு வரவேற்புல மாட்டுவோம். சுவாஹிலிலயும் எழுதி மாட்டுவோம். சும்பாவாங்கா ரேடியோல வாசிக்கச் சொல்வோம்."

"அப்போ ஊர் பூரா என்ன கேக்கும்? எழுபத்து மூணு வயசுக் கிழவன் விழப்போனான், கசுங்கா மகன் கையைக் கட்டிட்டு வேடிக்கை பார்த்தான்னு. அதுக்குக் கீழ என் கையெழுத்து! எங்க அம்மா இன்னும் உயிரோட இருக்காங்க, ஷிரிமா."

"அண்ணே, அது விதி. அவங்க ஊர்ல அப்படித்தான்."

"என்ன விதி? வெட்கங்கெட்ட விதி. கிழவன் செத்தாலும் தொடாதேன்னு எழுதி வச்சிருக்காங்களா?"

ஷிரிமா எழுந்து, மூலையில் இருந்த சோடாப் பெட்டியைச் சமையலறைக்குக் கொண்டுபோகத் தூக்கினார். சண்டை போட்டுக்கொண்டிருந்த அத்தான் அதே வேகத்தில் எழுந்து கையை நீட்டினார். ஷிரிமாவும் பேசிக்கொண்டே பெட்டியைக் கொடுத்துவிட்டார். கொடுத்த பிறகுதான் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. யாரும் சிரிக்காததால் அடக்கிக்கொண்டேன்.

சாயங்காலம் அக்கா ஸ்கொலாஸ்திகா மீன் தலையை வெட்டிக்கொண்டே கேட்டாள்: "புதுப் படகுல கூரை இருக்காமே?"

"இருக்கு."

"இவருக்கு முதுகு போயிட்டிருக்கு. ராத்திரி திரும்பிப் படுக்கவே என்னைக் கூப்பிடறார். நீ படிச்சவ, ஏதாவது நடுவுல எழுத முடியாதா? தொட்ட மாதிரியும் தொடாத மாதிரியும்?"

படித்தவர்களால் அது முடியும் என்று அவள் நம்பியதுதான் என்னை உறுத்தியது. ஏற்கெனவே காலையில் அதைத்தானே செய்திருந்தேன்.

மறுநாள் காலை டீ மேசையில் அத்தான் ஹாக்கோன் எதிரில் போய் உட்கார்ந்தார். "சொல்லு, கௌதே. ஒண்ணும் விடாம சொல்லு."

சொன்னேன். ஹாக்கோன் கோப்பையைக் கீழே வைத்தார். நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். அதை நான் அத்தானுக்குச் சொன்னதும் அவர் திகைத்துப்போனார்.

"சொன்னேனே! கரையில அத்தனை பேர் முன்னாடியும் சொன்னேனே!"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நேற்று நான் விழுங்கிய வாக்கியத்தை ஆங்கிலத்தில் சொன்னேன், இப்போது, முழுதாக. ஹாக்கோன் கோபப்படவில்லை. அது கோபத்தைவிடக் கஷ்டமாக இருந்தது. படிவத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, இன்னும் ஒரு நாள் இருக்கிறதே, போகலாமா, இந்த முறை கோலைத் தொடாமல் இருப்பீர்களா என்று அத்தானைக் கேட்டார்.

ஷிரிமா படகுத்துறை வரை வந்தார். "இன்னைக்குக் கெடைச்சா சரி. ரெக்கார்டு இல்லைன்னா சின்னவனுக்கே குடுன்னு முதலாளி சொல்லிட்டார், சனிக்கிழமை மெத்தோடிக்குச் சாவி. எனக்கும் மேல ஆள் இருக்காங்க, அண்ணே."

"புரியுது தம்பி. இன்னைக்குத் தொடமாட்டேன். விதி தெரிஞ்சாச்சு. நேத்து மாதிரி ஒரு மீன் வந்தா, தாத்தாவே தூக்கட்டும், அவர் பேரே இருக்கட்டும்."

"ரேடியோல வாசிச்சா?" என்று கேட்டேன்.

"தாத்தாவே தொடாதேன்னு கேட்டுக்கிட்டார்னு சேர்த்து வாசிக்கச் சொல்லு. அப்ப தப்பில்ல."

மதியத்துக்குச் சற்று முன் மீன் மாட்டியது. நேற்றையதைவிடக் கனம் என்று அத்தான் நூலின் சத்தத்தைக் கேட்டே சொன்னார். கொஞ்ச நேரத்தில் ஹாக்கோனுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. அத்தான் சுக்கானை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஹாக்கோன் சாய்ந்தால் அவரும் சாய்ந்தார். ஹாக்கோன் பல்லைக் கடித்தால் அவரும் கடித்தார். படகுக்குள் தண்ணீர் ஏறியது, நான் இறைத்தேன்.

"கௌதே, எனக்கும் அவருக்கும் நடுவுல வந்து உட்காரு."

"ஏன் அத்தான்?"

"உட்காருன்னா உட்காரு. கை போயிடும்போல இருக்கு."

உட்கார்ந்தேன். அப்படியும் அவரால் முடியவில்லை. முதுகைக் காட்டித் திரும்பி, காங்கோ பக்கத்து மலைகளைப் பார்த்தபடி படகை ஓட்ட ஆரம்பித்தார். மீன் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று நான் சொல்லச் சொல்ல, பார்க்காமலே திருப்பினார். அவர் கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"வலது பக்கம்."

"தாத்தா நிக்கறாரா?"

"நிக்கறார்."

"கால்?"

"ஆடுது. ஆனா நிக்கறார்."

பிறகு சின்னதாக ஒரு சத்தம். அறுந்த நூல் காற்றில் சுருண்டு வந்து என் தோளில் விழுந்தது. ஹாக்கோன் அப்படியே நின்றார், கோலை இரண்டு கையாலும் ஏந்தி.

அத்தான் திரும்பாமலே கேட்டார்: "போச்சா?"

"போச்சு."

"இப்ப தொடலாமா?"

ஆங்கிலத்தில் கேட்டேன். ஹாக்கோன் தலையாட்டினார். அத்தான் வந்து கோலை வாங்கிக்கொண்டு, அவரைப் பலகையில் உட்காரவைத்தார். கரை சேரும்வரை இருவரும் தண்ணீர் இறைத்தார்கள். டப்பா ஒன்றுதான் இருந்தது. மாற்றி மாற்றி இறைத்தார்கள்.

சனிக்கிழமை மெத்தோடி சாவியோடு புதுப் படகில் ஏறினான். படகு மணலில் தட்டி நின்றது. அத்தான் முழங்கால் தண்ணீரில் இறங்கி அதன் பின்புறம் போய் நின்றார்.

"டேய் மெத்தோடி, இதத் தொடலாமா? இல்ல இதுக்கும் பேப்பர் இருக்கா?"

"தள்ளுங்கண்ணே!" என்றான் அவன், வெட்கத்தோடு.

தள்ளினார். பிறகு ஒரு கையால் முதுகைப் பிடித்துக்கொண்டு தன் மரப்படகின் பக்கம் நடந்தார்.