வரிசையில் நடந்தது

அந்த அறையின் நாற்றம் இன்னும் மூக்கை விட்டுப் போகவில்லை. ஏசியில் ஊறிய கம்பளம், மூடி திறந்த மார்க்கர் பேனாக்கள், காகிதத் தட்டில் வியர்த்துக் கிடக்கும் சட்னி சாண்ட்விச். செம்பூரில் எங்கள் அலுவலகத்தின் நான்காம் மாடி. மருத்துவக் காப்பீட்டுப் பணம் கேட்டு வரும் விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் கம்பெனி. மாதத்தில் ஒரு புதன்கிழமை, சாப்பாட்டுக்குப் பிறகு, பன்னிரண்டு பேர் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார வேண்டும். அதற்குப் பெயர் கதை வட்டம். ஒருவரையொருவர் மனிதராகப் பார்க்கப் பழகுவோம் என்று சுற்றறிக்கையில் எழுதியிருந்தார்கள். இத்தனை வருஷம் பக்கத்துப் பக்கத்து மேஜையில் தும்மிக்கொண்டிருந்தவர்களை நாங்கள் என்னவாகப் பார்த்தோம் என்று அதில் எழுதவில்லை.

நடத்த வந்தவர் பவாயிலிருந்து வருகிறவர். வெள்ளைக் கேன்வாஸ் ஷூ, ஒழுங்காக வெட்டிய தாடி, கையில் ஒரு பந்து கம்பளி நூல். பந்தை யாராவது ஒருவர் மேல் எறிவார். பிடித்தவர் தன் வாழ்க்கையிலிருந்து ஒன்றைச் சொல்ல வேண்டும், சொல்லி முடித்ததும் நூலைப் பிடித்துக்கொண்டு பந்தை அடுத்தவருக்கு எறிய வேண்டும். கடைசியில் எல்லோருக்கும் நடுவில் சிலந்தி வலை மாதிரி ஒன்று தொங்கும். அதைப் பார்த்து நாங்கள் நெகிழ வேண்டும். எனக்கு அதில் பூச்சிகள்தான் தெரிந்தன.

"இங்க சொல்றது இந்த ரூமைத் தாண்டாது," என்று ஹிந்தியும் இங்கிலீஷுமாகச் சொன்னார். கூடவே ஒரு படிவத்தை நீட்டினார். படம் பிடிக்கவும் பகிரவும் சம்மதம் என்று கையெழுத்துக் கேட்டது அது. எல்லோரும் போட்டோம். நானும் போட்டேன். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

இரண்டு மூன்று வட்டத்துக்குள் ஜனங்கள் தேறிவிட்டார்கள். எவ்வளவு சொன்னால் போதும், எங்கே குரலை இறக்க வேண்டும் என்பதெல்லாம் பழகிவிட்டது. அக்கவுண்ட்ஸ்காரர் செத்துப்போன தன் நாயை இரண்டு முறை கொண்டுவந்தார். இரண்டாம் முறை அது வேறு வியாதியில் செத்தது. அப்போதும் கைதட்டினோம்.

யாருக்கு எந்த மொழி மனசுக்குப் பக்கமோ அதில் பேசலாம், பக்கத்தில் இருப்பவர் இங்கிலீஷில் எடுத்துச் சொன்னால் போதும் என்று ஒரு விதி இருந்தது. தமிழுக்கு நான். இந்த அலுவலகத்தில் யாரும் படிக்காத சிறு பத்திரிகைகளில் நான் எழுதுவது எப்படியோ தெரிந்துபோயிருந்தது. தவிர, 'உங்களுக்குப் பணம் கிடையாது' என்னும் கடிதத்தைப் படிப்பவருக்கு வலிக்காத மாதிரி எழுதித் தருவதுதான் அங்கே என் வேலை.

என் எதிர் மேஜைக்காரிக்கு முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று வயது. ஆஸ்பத்திரிகளுக்குப் போன் போட்டு விவரம் கேட்பவள். என்னை அக்கா என்பாள். வீடு எங்கே என்று யாராவது கேட்டால் சயான் என்பாள். தாராவிக்காரர்கள் பலர் ஆபீஸில் அப்படித்தான் சொல்வார்கள். ஸ்டேஷன் சயான்தானே, பொய்யும் இல்லை. எனக்கு மட்டும் தாராவியில் எந்தக் கலி, எந்தச் சந்து என்பது வரைக்கும் சொல்லியிருந்தாள்.

அந்தப் புதன்கிழமை பந்து அவள் மடியில் விழுந்தது. "எனக்கு அப்படி ஸ்பெஷலா ஒண்ணும் இல்லை சார்," என்றாள் ஹிந்தியில். "இன்னும் ஆழமா போங்க," என்றார் அவர், கிணறு வெட்டுகிறவர் மாதிரி. அவள் என்னைப் பார்த்தாள். நான்தான் சொன்னேன்: "தமிழ்ல சொல்லேன்டி, நான் பாத்துக்கறேன்."

சொன்னாள். நூலை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டே.

"பி.காம் கடைசிப் பரீட்சை அன்னைக்கு, அக்கா. காலைல சண்டாஸ் லைன்ல நிக்கேன். எங்க கலிக்கு ஆறு கக்கூஸ் கதவு, அதுல ரெண்டு ஒடஞ்சு கெடக்கு. எனக்கு முன்னால எதுத்த வீட்டு மைனி. அவியளுக்கு வயித்தால போய்க்கிட்டே இருக்கு, மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. கதவு தொறந்துச்சு. மைனி தண்ணி டப்பாவ எடுக்கக் குனிஞ்சாவ. நான் இடிச்சுத் தள்ளிட்டு உள்ள போயிட்டேன். தாப்பாளப் போட்டுட்டேன்."

நிறுத்தினாள். வட்டம் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது, ஒரு சொல்லும் விளங்காமல்.

"கதவத் தட்டுதாவ. 'ஏட்டி, தொறட்டி, என்னால முடியலட்டி'ன்னு. நான் தொறக்கல. வெளிய வந்தா, சேலையிலயே ஆயிப்போச்சு அக்கா. இந்தப் பக்கம் பொம்பளைய, அந்தப் பக்கம் ஆம்பளைய, எல்லாரும் சிரிக்காவ. நான் தலையக் குனிஞ்சுக்கிட்டு ஓடிட்டேன். பரீட்சை எழுதுனேன், பாஸாயிட்டேன். பதினோரு வருசமா எதுத்த வீடுதான். ஒரு தடவகூட மன்னிச்சிருங்கன்னு சொல்லல. எப்படிச் சொல்லுவேன்?"

அவ்வளவுதான். அது வட்டத்துக்குச் சொன்னதில்லை. பதினோரு பேர் உட்கார்ந்திருக்கும் அறையில் ஒருத்தியிடம் மட்டும் சொல்ல ஒரு வழி கிடைத்தது, சொல்லிவிட்டாள்.

எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. நான் இங்கிலீஷில் சொன்னேன். பரீட்சை நாள், நீண்ட வரிசை, உடம்பு முடியாத ஒரு அண்டை வீட்டுக்காரி. கதவு திறக்கிறது. அண்டை வீட்டுக்காரி இவளைப் பார்த்து, 'நீ போம்மா, உனக்குப் பரீட்சை' என்று தன் இடத்தை விட்டுக்கொடுக்கிறாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். இவள் வரும்வரை பாடப் புத்தகத்தை நனையாமல் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள் என்றும் சொன்னேன். அந்தக் கதையில் புத்தகமே கிடையாது.

அவளைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தேன் என்று அன்றைக்குச் சொல்லிக்கொண்டேன். பாதிதான் நிஜம். எந்த இடத்தில் கண் கலங்கும் என்பது என் நாக்குக்குத் தெரியும். நாவில் எச்சில் ஊறுவது போல அந்தப் புத்தகம் தானாக வந்தது. அக்கவுண்ட்ஸ்காரர் மூக்கைச் சிந்தினார். வெள்ளை ஷூக்காரர் நெஞ்சில் கைவைத்து, "இதுதான், இதுதான்," என்றார். யாரோ போனில் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

லிஃப்டில் நாங்கள் இருவர்தான். அவளுக்கு இங்கிலீஷ் நன்றாகவே விளங்கும்.

"அப்படி நடந்திருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும் அக்கா," என்றாள். திட்டியிருக்கலாம்.

நான்கு நாளில் அது வீடியோ ஆனது. கம்பெனியின் பக்கத்தில், பின்னால் பியானோ ஒழுக, அவள் தமிழின் மேல் என் இங்கிலீஷ் எழுத்தாக ஓடியது. தாராவி என்ற பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். நான் அந்தப் பெயரைச் சொல்லவே இல்லை. ஆபீஸ் கோப்பிலிருந்த முகவரியைப் பார்த்து அவர்களே போட்டுக்கொண்டது. கேன்டீனில் அவளிடம் வந்து தோளைத் தொட்டார்கள். தொட்ட கையைப் பிறகு சானிடைசரில் கழுவிய ஒருத்தியை நான் பார்த்தேன். வெள்ளை ஷூக்காரர் அடுத்த வட்டத்துக்கு அந்த அண்டை வீட்டுக்காரியையே அழைத்துச் சால்வை போர்த்தலாம் என்றார்.

அடுத்த வாரம் ஒரு நாள் அவள் என்னைக் கீழே டீக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். முகம் வெந்திருந்தது.

"கலி வாட்ஸப் குரூப்ல வந்துருச்சு அக்கா. தமிழ்லதான பேசியிருக்கேன், எல்லாரும் கேட்டுட்டாவ. கீழ எழுதியிருக்கதையும் பிள்ளைய படிச்சுச் சொல்லிட்டுதுவ. காலைல மைனி லைனுக்கு வந்தா, 'ஏ, தியாகி வந்தாச்சு, எடம் விடுங்கட்டி'ங்காளுவ. புஸ்தகம் எங்க மைனின்னு கேக்காளுவ. அவிய லைனுக்கே வரமாட்டேங்காவ. ரோட்டத் தாண்டி வேற சண்டாஸுக்கு நடக்காவ, அந்த முட்டிவலியோட."

"நான் வந்து பேசறேன்," என்றேன்.

"பேசுனதெல்லாம் போதும். சும்மா வாங்க. நான் இன்னைக்கு மன்னிப்புக் கேக்கணும், தனியாப் போகப் பயமாருக்கு."

சயானில் இறங்கித் தொண்ணூறு அடி ரோட்டு வழியாக நடந்தோம். கலியில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்ட வேண்டும். அந்த அம்மாள் வாசலில் உட்கார்ந்து தோல் பர்ஸுகளில் நீட்டிக்கொண்டிருந்த நூலைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். எங்களை உள்ளே வரச் சொன்னார். கத்தரியைக் கீழே வைக்கவில்லை.

"நீங்கதான் நான் எடம் விட்டேன்னு சொன்னவியளா?"

"ஆமாம். தப்புதான்மா."

"அன்னைக்கு சிரிச்சாளுவ. அஞ்சாறு வருசத்துல மறந்தாளுவ. கலில பாதிப் பேரு வேற ஆளுவ, அவியளுக்குத் தெரியாது. இப்ப எல்லாருக்கும் தெரியும். நல்லவன்னு வேற பேரு." சிரித்தார். கேட்கவே கூசியது. "நான் எடம் விடல. விட்டுருக்கவும் மாட்டேன். எனக்குத் தாங்கல, நான் எதுக்கு விடணும்?"

என் எதிர் மேஜைக்காரி வாயைத் திறந்தாள். "மைனி, அன்னைக்கு நான்..."

"சும்மா இருட்டி. மன்னிப்புக் கேக்க ஆளு கூட்டிட்டு வந்துருக்கியோ? ஒனக்கும் எனக்கும் நடுவுல இவிய எதுக்கு? நீ கேக்கதையும் நான் சொல்லுததையும் இவிய போயி அழகா எழுதவா?" என் பக்கம் திரும்பினார். "எழுதத்தான் போறிய. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. எழுதுனா நடந்தத நடந்தபடி எழுதுங்க. எடம் விட்டேன்னு எழுதாதிய. பேரு போடாதிய. இப்ப எந்திரிங்க."

எழுந்தேன். அவர் சொன்னதில் பிழை இல்லை. அவர் 'எனக்குத் தாங்கல' என்றபோதே நான் அந்தச் சொல்லை எடுத்து உள்ளே எங்கோ பத்திரமாக வைத்துவிட்டிருந்தேன். பின்னால் கதவு சாத்தப்பட்டது. உள்ளே என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மறுநாள் வெள்ளை ஷூக்காரர் சால்வை விஷயமாகக் கதை வட்ட அறைக்கு வந்திருந்தார். போய் எதிரில் உட்கார்ந்தேன். நான் தவறாக மொழிபெயர்த்துவிட்டேன், அவள் சொன்னது அது இல்லை, வீடியோவை எடுத்துவிடுங்கள் என்றேன்.

"ரொம்ப நல்லாப் போயிட்டிருக்கே," என்றார். பிறகு அவர் கண்ணில் ஒரு வெளிச்சம். நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டார். "அப்போ அவங்க நிஜமா சொன்னது என்ன? ஒரிஜினல் இன்னும் பவர்ஃபுல்லா இருக்கும்போலயே."

"வீடியோவை எடுங்க, சொல்றேன்."

வட்டத்தின் வீடியோக்களைக் கம்பெனிப் பக்கத்தில் ஏற்றுவது அவர்தான். போனை எடுத்து, என் கண் முன்னாலேயே, இரண்டு இடத்தில் தட்டி அழித்தார். வீடியோ இன்னும் இருக்கிறதா என்று நான் என் போனில் தேடிப் பார்த்தேன். இல்லை. அவர் முன்னால் சாய்ந்து, நெஞ்சில் கைவைத்துக்கொண்டு காத்திருந்தார். வாயிலிருந்து புதினாவும் வெங்காயமும் வீசியது.

"சொல்லுங்க, அவசரமில்லை," என்றார். "இது பாதுகாப்பான இடம்."

நான் எழுந்து என் மேஜைக்குப் போனேன்.